அந்தச் சீட்டு இன்னும் பையில்தான் கிடக்கிறது

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் பிள்ளைகளின் பல்லையும் பார்த்து, சொத்தை இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதில் பாதி இன்னும் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கிறது, நேற்று நானே எடுத்துப் பார்த்தேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று ஒரு நாள் பொறுத்து இன்று எழுதுகிறேன்.

கேட்டால் ஒரே பதில்தான், "பால்பல்லுதானே சார், விழுந்துடும்." முன்பல் சரி, ஆறு ஏழு வயதில் விழும். பின்னால் மெல்லுகிற பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. இரண்டாம் வகுப்பிலேயே அது சொத்தையானால் பிள்ளை எதை வைத்து மெல்லும்? மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் சத்துணவில் கொண்டைக்கடலை போட்டால் மெல்லாமல் விழுங்குகிறான். வலிக்கிறதா என்றால் இல்லை என்று தலையாட்டுகிறான், ஊசி போட்டுவிடுவார்களோ என்று பயம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஆறு வயதையொட்டி, கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டு கீழே இரண்டு என நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் நாம் கவனிப்பதில்லை, அதையும் பால்பல் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல், போனால் வேறு வராது. அதன் மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும், பிஸ்கட்டும் மிட்டாயும் அங்கேதான் அப்பிக்கொள்ளும். முளைத்ததுமே காட்டினால் பள்ளத்தைப் பூசி மூடிவிடலாம், சின்னச் சொத்தையாக இருந்தால் அடைத்துவிடலாம். ஆழமான பிறகுதான் பெரும்பாலும் வலியே வரும், அப்போது போனால் வேர் சிகிச்சை, இல்லையென்றால் பிடுங்க வேண்டியதுதான். அதனால்தான் வலி இல்லாதபோதே ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள். கிராம்பு வலியை அடக்கும், ஓட்டையை அடைக்காது.

அப்புறம், நம் தருமபுரிப் பக்கத்தில் பல்லில் தெரியும் பழுப்புக் கறை எல்லாமே சொத்தை ஆகிவிடாது. இங்கே பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல் ஈறுக்குள் உருவாகிற வயதில் அதைக் குடித்தால் கறையோடுதான் முளைக்கும். எனக்கே இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்துவிட்டது, குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். கறை போகட்டும் என்று செங்கல் பொடியும் கரியும் போட்டுத் தேய்க்காதீர்கள், கறை போகாது, பல்தான் தேயும். எது கறை, எது சொத்தை என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்று சொல்லும் பாட்டிமார்கள் என்னை மன்னிக்க வேண்டும், போகாது.

தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் இருக்கிறார், பார்க்கப் பணம் கட்ட வேண்டாம். காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள். அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன், கூலி போகும் என்கிறவர்கள் வேலை இல்லாத நாளில் கூட்டிப் போங்கள். சீட்டைத் தொலைத்தவர்கள் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், பெயர்ப் பட்டியல் அவரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்