கணினி ஒலிக்குள்ளும் அதே குரல்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவின் போன் ஈவேர் குழு, 2016-இல் வெளியான '22, எ மில்லியன்' ஆல்பத்தோடு ஃபோக் எனும் நாட்டுப்புறப் பாணி இசையைக் கைவிட்டு மின்னணு ஒலிக்குத் தாவிவிட்டதாகத் தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை சொல்கிறது. இதை ஏற்க முடியவில்லை. விஸ்கான்சினில், தந்தையின் வேட்டைக் குடிலில் தனியாக இருந்து குழுவின் முதன்மைப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் பதிவுசெய்த முதல் ஆல்பத்திலேயே, தன் குரலை அடுக்கடுக்காகச் சேர்த்துத்தான் பாடியிருந்தார். 2009-இல் வந்த 'வுட்ஸ்' பாடலிலோ வாத்தியமே கிடையாது. குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோடியூனில் தோய்ந்த அவர் குரல் மட்டும்தான். பிறகு ஒலிப்பொறியாளர் கிறிஸ் மெசினா அமைத்துத் தந்த கருவி, அந்த அடுக்குகளைப் பாடும்போதே உண்டாக்கியது. 2016 ஆல்பத்தில் சாம்பிள்களும் (வேறு பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டுகள்) சிதறிய தாளமும் கூடியிருக்கின்றன, சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது அதே குரல்.

தேவாலயப் பாடகர் குழுவில் நெடுநாளாகப் பாடிவருபவன் நான். ஒரு குரல் துளி விலகினாலும் எங்கள் காதுக்குத் தெரிந்துவிடும். அந்த மனிதத் தடுமாற்றம் இந்த ஆல்பத்தில் தெளிவாகவே கேட்கிறது. இனி இத்தகைய ஆல்பங்களைப் பற்றி எழுதும்போது, ஒலிப்பதிவு தெரிந்த ஒருவரின் விளக்கத்தையும் கேட்டுச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், பாளையங்கோட்டை