வசந்திக்கு, திருவையாற்றிலிருந்து

அன்புள்ள வசந்தி,

வாய்க்காலில் தண்ணி வந்துவிட்டது. வீட்டுக்காரர் நாற்றங்காலே கதியென்று கிடக்கிறார். அக்கா மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள்.

"செத்துப்போவேன்னு அவ சும்மா மிரட்டுறாளா?" என்று எழுதியிருந்தாய். ஊரே அதைத்தான் கேட்கிறது. மிரட்டல் இல்லை வசந்தி. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்கிறார் டாக்டர். வேண்டியவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இவர்களை ஆட்டிவைக்கும். போன வாரம் தோழிக்கு அனுப்பிய செய்தியில் நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கியது, காபியில் ஏடு கட்டிவிட்டது. பதில் வந்தது, கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே கதம்பம் தொடுத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நடிப்பு என்கிறார்கள். அழுகையும் நிஜம், சிரிப்பும் நிஜம்.

"சொல்றவ செய்ய மாட்டா" என்று நானும் நம்பியிருந்தேன். தப்பு. ஏற்கெனவே ஒருமுறை தற்கொலைக்கு முயன்றவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இந்தக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இப்படிப் போய்ச் சேர்ந்ததாகப் பழைய கணக்கு. பிந்தைய ஆய்வுகளில் அது குறைவு. மனச்சோர்வு, குடி, சின்ன வயசில் பட்ட கொடுமை, சட்டென்று எதையாவது செய்துவிடும் சுபாவம் எல்லாம் சேர்ந்தால் ஆபத்து கூடும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரம் மிக முக்கியம். அப்போதுதான் நாம் அசந்துவிடுகிறோம். அக்காவும் "சரியாயிடுச்சு" என்று நேர்த்திக்கடன் செலுத்தக் கிளம்பிவிட்டாள். அதனால்தான் இங்கே கூட்டிவந்தேன்.

அவள் வந்த அன்றே பின்கட்டில் இருந்த பயிர் மருந்தையெல்லாம் அவர் எடுத்துப்போய் வேறிடத்தில் பூட்டிவிட்டார். சாவி எங்கேயென்று எனக்கே தெரியாது. நம் காட்டுமன்னார்கோயில் பக்கம் மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், ஊர்ப் பொதுவில் பெட்டகம் வைத்து விவசாயிகள் மருந்தை அதில் பூட்டிவைக்க ஏற்பாடு செய்து பார்த்தார்கள். அந்த வேகம் தணியும்வரை கைக்கு எட்டாமல் இருந்தாலே எத்தனையோ உயிர் பிழைக்கும்.

இதற்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது, டிபிடி என்று பெயர். உணர்ச்சி பொங்கும்போது தாக்குப்பிடிக்கக் கற்றுத்தருவார்கள். அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், தானும் இளவயதில் இதே பாடு பட்டதை 2011-ல் வெளியே சொன்னார். இவளிடம் சொன்னேன். "எப்ப பொறந்தாங்க சித்தி?" என்றாள். 1943 என்றேன். விரல்விட்டு எண்ணினாள். "அப்ப அறுபத்தெட்டு வயசா!" என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டாள்.

உன் தம்பி மகனும் அப்படிப் பேசுகிறான் என்றாயே, "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவனைத் தனியே விடாதே. அரசாங்க மனநல உதவி எண் 14416-க்கு ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். டாக்டரிடமும் கூட்டிப்போ, தள்ளிப்போடாதே.

ஆடிப்பெருக்குக்கு அவனையும் அழைத்துக்கொண்டு வா. காப்பரிசி தான்தான் செய்வேன் என்று இவள் இப்போதே சொல்லிவிட்டாள்.

உன்,
கமலா