மலருக்கு: அட்வான்ஸ் சித்திரைக்கு அப்புறம் கொடுக்கலாம்

கோவில்பட்டி,
தை 6.

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். நீ அனுப்பிய படங்களை அம்மா பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். கடையத்துக்கு மேற்கே மலையடிவாரம், 2 ஏக்கர் 40 சென்ட், கிணறு, முப்பது தென்னை, பக்கத்தில் ஓடை. பொங்கல் கழிந்ததும் அட்வான்ஸ் கொடுக்கப் போவதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். அப்போது சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாம்பரத்தை விட்டு வந்து, பிள்ளையை மண்ணில் விளையாட விட்டு வளர்க்க வேண்டும் என்று நீ சொன்னது எனக்கு மெத்தச் சந்தோஷம். சர்வே டிபார்ட்மென்டில் 31 வருஷம் சங்கிலி இழுத்தவன் நான். என் மகள் நிலம் வாங்குவதில் எனக்கு என்ன வருத்தம் இருக்கப் போகிறது? ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சித்திரை வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

காரணத்தை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை. சங்கரன்கோவிலுக்கு வடக்கே நமக்கு ஒரு ஏக்கர் 30 சென்ட் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது எட்டு வயசு. வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டிக் கொடுத்தேன். அதை ஏன் விற்றோம் என்று நீ கேட்கும்போதெல்லாம் எனக்கு மாற்றல் வந்ததாகச் சொன்னேன். அது பொய்.

நான் அந்த நிலத்தைப் பார்க்கப் போனது ஒரு கார்த்திகையில். முந்தின வாரம் நல்ல மழை. கிணற்றில் ஏழு படி இறங்கினால் தண்ணீர், குனிந்து கையால் அள்ளிக் குடித்தேன். தாள் எல்லாம் சுத்தம். நாலு மூலைக் கல்லையும் நானே தேடி, மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். அம்மாவின் ஆறு பவுன் வளையலை விற்று வாங்கினோம். பங்குனிக் கடைசியில் மோட்டார் காற்றை இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். படி முடிகிற இடத்தில் பாறை, பாறைக் குழியில் ஒரு சட்டி தண்ணீர். கார்த்திகையில் தண்ணீர் நின்ற கோடு என் தலைக்கு மேலே முப்பது அடி உயரத்தில், சுவரைச் சுற்றி வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்துப் புஞ்சையில் ஆடு மேய்த்த ஒரு அம்மா மேலே நின்று எட்டிப் பார்த்து, "சித்திரையில ஒரு நட வந்து பாத்திருக்கக் கூடாதா சார், இந்தக் கெணறு இப்படித்தான்னு ஊருக்கே தெரியுமே" என்றார். ஊருக்கே தெரிந்ததை நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. அப்புறம் இரண்டு இடத்தில் போர் போட்டோம், இரண்டிலும் புகைதான் வந்தது. நாலாவது வருஷம் வந்த விலைக்குக் கொடுத்தோம். அம்மா இன்றுவரை வளையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நீ போய்ப் பார்த்ததும் கார்த்திகைதான் மலர். படங்களில் ஓடை நிறையத் தண்ணீர் ஓடுகிறது. அதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்கு நிம்மதி இல்லை.

கடையம் பக்கம் சங்கரன்கோவில் மாதிரி இல்லை என்பது எனக்கும் தெரியும். ராமநதி இருக்கிறது, கடனாநதி இருக்கிறது, குளங்கள் இருக்கின்றன. ஆனால் அதே ஊரிலேயே குளத்துக்குக் கீழே இருக்கும் கிணறு வேறு, மேட்டில் இருக்கும் கிணறு வேறு. சித்திரையில் போய்ப் படியை எண்ணிப் பார். மோட்டாரைப் போட்டு எத்தனை மணி நேரத்தில் வற்றுகிறது, திரும்ப ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும். சுற்றி யாராவது புதிதாக போர் போட்டிருந்தால் எத்தனை அடி, எப்போது போட்டார்கள் என்று கேள். ஒரு கேன் தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப் போய் அதில் துவரம்பருப்பை வேகவை. உப்புத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. மண்ணையும் தண்ணீரையும் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடு.

அடுத்தது ஆனி, ஆடி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றை நீ குற்றாலத்துச் சாரலோடு சேர்த்துத்தான் பார்த்திருக்கிறாய். தோட்டக்காரனுக்கு அது வேறு. குலை தள்ளிய வாழை ஒரே ராத்திரியில் படுத்துவிடும், முருங்கை முறிந்துவிடும். முட்டுக் கொடுக்கக் கம்பு வாங்கியே கை ஓய்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஓட்டு வீடு கட்டுகிற யோசனை இருந்தால் அந்த ஊரில் பழைய வீடுகளின் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்.

ஓடை ஓரம் என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாள் நம் பக்கம் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்தன. அந்த ராத்திரி ஓடைத் தண்ணீர் எதுவரைக்கும் ஏறியது என்று புரோக்கரிடம் கேட்காதே, பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேள். மறந்திருக்க மாட்டார்.

காடு பக்கத்தில் இருப்பதும் அப்படித்தான். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரம் அது. யானை இறங்கும், கரடி இறங்கும். காட்டுப்பன்றி கடலையையும் கிழங்கையும் ஒரே ராத்திரியில் கிண்டிவிடும். எத்தனை தென்னை போன வருஷம் சாய்ந்தது, அக்கம்பக்கத்தில் யார் சோலார் வேலி போட்டிருக்கிறார்கள் என்று விசாரி. அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள். இருந்தால் வீடு கட்டத் தனி அனுமதி வேண்டும்.

தாள் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டா, புலத்தின் விவரம் எழுதிய 'அ' பதிவேடு, பயிர்க் கணக்கான அடங்கல், அளவு வரைபடமான புலப்படம், வில்லங்கம், மூலப் பத்திரம் எல்லாவற்றுக்கும் நகல் அனுப்பு. பட்டாவில் ஹெக்டேர் கணக்கில் 0.97.0 என்று இருந்தால்தான் அது நீ சொல்கிற 2 ஏக்கர் 40 சென்ட். குறைந்தால் எங்கே குறைகிறது என்று படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைத் திருத்தி எழுதிய யூ.டி.ஆர். வேலையில் பேரும் விஸ்தீரணமும் மாறிப் போன புலங்கள் நிறைய, அதனால் அதற்கு முந்தின பதிவேட்டையும் தாலுகா ஆபீஸில் பார்ப்பேன். கோயில் நிலமாகவோ பஞ்சமி நிலமாகவோ இருந்தால் அன்றைக்கே விட்டுவிட வேண்டும். பஞ்சமி நிலம் 1892 உத்தரவுப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்தது. நாளைக்குக் கேஸ் வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அதை நாம் தொடவே கூடாது.

நீ நேரில் பார்க்க வேண்டியது பாதை. படத்தில் தார் ரோட்டிலிருந்து உன் நிலத்துக்கு ஒரு மண் பாதை போகிறது. அது புலப்படத்தில் வண்டிப்பாதையாக இருக்கிறதா, இல்லை யாருடைய பட்டாவிலோ 'போய்க்கோங்க' என்று விட்டதா? பத்திரத்தில் 'வண்டிப்பாதை பாத்தியம்' என்ற வார்த்தை இல்லாமல் வாங்கிவிட்டு, நடுவில் முள்வேலி போட்டதும் கோர்ட்டுக்கு நடந்தவர்களுக்கு நானே எத்தனையோ தடவை அளந்து கொடுத்திருக்கிறேன். கிணறும் அப்படி. முழுக் கிணறா, 'நாலில் ஒரு பங்கும் முறைத் தண்ணீரும்' என்று எழுதியிருக்கிறதா? மோட்டார் சர்வீஸ் யார் பேரில்? இலவசக் கரண்ட் சர்வீஸ் புதிதாக வாங்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை ஆட்கள்தான். நீங்கள் இரண்டு பேரும் பத்து வருஷமாக எதிர்வீட்டுக்காரர் பேர் தெரியாமல் இருந்து பழகியவர்கள். அங்கே அப்படி முடியாது. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பாம்பு கடித்தால், முதலில் வருவது பக்கத்துத் தோட்டக்காரர்தான். ஊர் டீக்கடையில் நாலு நாள் காலையில் உட்கார்ந்தால் தெரியும், எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் பேச்சு இல்லை, கோயில் கொடைத் திருவிழாவில் யாரைச் சேர்ப்பதில்லை, யாரைத் திண்ணையில் உட்கார வைப்பதில்லை என்று. என் பேரன் அதையெல்லாம் பார்த்துத்தான் வளரப் போகிறான். எந்த ஊரில் வளரலாம் என்று நீங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அதனால் ஒரு யோசனை. கடையத்திலோ ஆழ்வார்குறிச்சியிலோ ஒரு வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். பிள்ளைக்கு லீவு விட்டதும் வந்து ஆடி முடியும்வரை இருங்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றாரே, அங்கே நெட் எப்படி என்பதும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் எத்தனை நிமிஷம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கல் லாரி எந்த ரோட்டில் போகிறது, களை எடுக்க ஆள் கிடைக்குமா, இதெல்லாம் கேட்டுத் தெரிகிற விஷயம் இல்லை, இருந்து தெரிகிறது. அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று புரோக்கர் சொல்வார். வாங்கிவிட்டுப் போகட்டும் மலர். அந்தப் பக்கம் நிலத்துக்கு என்ன பஞ்சம்?

இடம் உனக்குப் பிடித்து, சித்திரைக் கிணறும் சரியாக இருந்தால், அட்வான்ஸில் பாதி என் பென்ஷன் பணத்திலிருந்து. அம்மாவிடம் கேட்டுவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டாள்.

சித்திரை முதல் வாரம் வெள்ளிக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறு. சனிக்கிழமை காலையில் தென்காசி ஸ்டேஷனில் நான் நிற்பேன். டேப்பும், டார்ச்சும், கிணற்று ஆழம் பார்க்கக் கல் கட்டின கயிறும் கொண்டு வருகிறேன். நீ துவரம்பருப்பு மட்டும் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா