பாப்பாவுக்கு, பூனை டின் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் செய்தி பார்த்தேன். பூனைக்கு நல்ல டின் சாப்பாடு வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும், எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே சொல்லியிருப்பேன், நீ எடுத்தால்தானே. சரி, எழுதினால் கணக்கையும் போட்டுக் காட்டலாம். அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இவள் எப்போதிலிருந்து விலை பார்க்க ஆரம்பித்தாள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். விலை பார்ப்பதில் என்ன தப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டின்னின் முன்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காதே. பிரீமியம், கூர்மே, ஹோலிஸ்டிக் என்று போட்டிருப்பார்கள். இன்னது உள்ளே இருந்தால்தான் அப்படிப் போடலாம் என்று எந்த அளவுகோலும் கிடையாது. பின்பக்கம் திருப்பு. பொடி எழுத்தில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று, எந்த வயதுப் பூனைக்கு என்பதோடு சேர்த்து இருக்கிறதா பார். ஐரோப்பாவில் தயாரானது என்றால் 'கம்ப்ளீட்' என்று மட்டும் இருக்கும். 'காம்ப்ளிமென்டரி' என்றோ 'சப்ளிமென்டல்' என்றோ இருந்தால் அது நொறுக்குத்தீனி, தினப்படிச் சாப்பாடு இல்லை. முழு மீன் துண்டு பளிச்சென்று தெரிகிற சின்னச் சின்ன டின்களில் பல இந்த ரகம்தான். காசும் அதிகம், சத்தும் குறை.

இந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. பூனையின் உடம்பால் அதைத் தேவையான அளவுக்குத் தயாரித்துக்கொள்ள முடியாது, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் பலூன் மாதிரி விரிந்து வலுவிழக்கும். கடையில் வாங்கிய சாப்பாட்டைத் தின்ற பூனைகளுக்கே அப்படி இதயம் போனதற்கு டாரின் குறைவுதான் காரணம் என்று 1987-ல்தான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அளவை உயர்த்தினார்கள். டின்னில் அடைத்துச் சூடாக்கும் உணவுக்கு உலர் உணவைவிட இரண்டு மடங்கு டாரின் வேண்டும் என்று, அமெரிக்காவில் பிராணி உணவுக்கு அளவுகோல் வகுக்கிற ஆஃப்கோ என்ற அமைப்பு சொல்லியிருக்கிறது. அந்தப் பொடி எழுத்து இருந்தால் மலிவான டின்னிலும் டாரின் இருக்கும். அது இல்லாத டின் எத்தனை விலை என்றாலும் கீழே வைத்துவிடு.

நீ சாப்பிடுகிற சூரை மீன் டின்னையே அதற்கும் கொடுக்கலாமா என்று கடைசியில் ஒரு கேள்வி போட்டிருக்கிறாய். கூடாது. எப்போதாவது ஒரு துணுக்கு கொடுத்தால் ஒன்றும் ஆகாது. தினமும் என்றால், மனிதருக்கான டின்னில் பூனைக்கு வேண்டிய சத்துகள் சரியான அளவில் கிடையாது, பாதரசம் வேறு உடம்பில் சேரும். அந்த ருசி பழகிவிட்டால் வேறு எதையும் மோந்துகூடப் பார்க்காது. அதெல்லாம் இருக்கட்டும், நீ எப்போதிலிருந்து டின் மீன் சாப்பிடுகிறாய்? உனக்கு அந்த வாடையே ஆகாதே. அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்போது விலைக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். வேலையில் இருந்த காலம் முழுக்க ஸ்டோருக்குச் சரக்கு எடுத்தவன் சொல்கிறேன்: டின் விலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே. கலோரிக்கு என்ன விலை என்று பார். நாலு கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும் வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு 200-லிருந்து 250 கலோரி போதும். 85 கிராம் டின் ஒன்றில் 70 கலோரி இருக்கிறது, 156 கிராம் டின்னில் 170 இருக்கிறது என்று வைத்துக்கொள். முதலாவதில் ஒரு நாளைக்கு மூன்று டின் ஆகும், இரண்டாவதில் ஒன்றேகால் டின் போதும். பெரியது சின்னதைப்போல் இரண்டு மடங்கு விலை என்றாலும் லாபம் பெரியதில்தான். டின் விலையைக் கலோரியால் வகுத்து நூறால் பெருக்கிக்கொள். நூறு கலோரிக்கு இவ்வளவு என்று வந்ததும் எது மலிவு என்று தானாகத் தெரியும். இதை ஒரு சீட்டில் எழுதி கடைக்குக் கொண்டுபோ.

பெரிய டின் வாங்கினால் மிச்சத்தை மூடி ஃபிரிஜ்ஜில் வை, இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடு. கிண்ணத்தில் வைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்க வேண்டாம். குளிர்ந்ததைப் பூனை தொடாது. கிண்ணத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துக் கொடு, வாசனை எழுந்ததும் வந்துவிடும். உப்பிய டின், மடிப்பில் நசுங்கிய டின் தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.

அப்புறம் புரதம். டின்னில் 10 சதவீதம், உலர் உணவுப் பையில் 32 சதவீதம் என்று போட்டிருக்கும். பார்த்ததும் பைதான் ஒசத்தி என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துப் பார். டின்னில் ஈரம் 78 என்றால் மீதி 22, அதில் 10 புரதம், அதாவது 45 சதவீதம். பையில் ஈரம் 10, மீதி 90, அதில் 32 என்றால் 35-க்குக் கொஞ்சம் மேல். டின்தான் ஜெயித்தது. இந்த மாதிரிக் கணக்கெல்லாம் பள்ளியில் நீ எனக்கு முன்னால் போட்டு முடிப்பாய், அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

கிரேவியில் துண்டு மிதக்கிற டின்னைவிட அரைத்து வைத்த பேட்டே வகை பெரும்பாலும் நல்லது. கிரேவியைக் கெட்டியாக்க மாவோ, குளூட்டன் என்கிற கோதுமைப் புரதமோ சேர்ப்பார்கள், கலோரியும் குறைவாக இருக்கும். பொருள் பட்டியலில் 'பை-புராடக்ட்' என்று பார்த்துப் பயப்படாதே. ஈரல், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் மாதிரி உறுப்புகள்தான் பெரும்பாலும் அது. எலி பிடித்த பூனை அவற்றை ஒதுக்கியா வைக்கிறது? நம் பழைய பூனை கருப்பனுக்குக் கடைசி காலத்தில் லேபிள் படிக்க நான் வாங்கிய பூதக்கண்ணாடி இன்னும் இருக்கிறது.

விலை கூடினால் பத்திரம் என்றும் நினைக்காதே. 2007-ல் வட அமெரிக்காவில் மெலமின் என்ற ரசாயனம் கலந்த கோதுமை குளூட்டன் சேர்ந்து எத்தனையோ பூனை நாய்களுக்குச் சிறுநீரகம் போனது. ஒரே நிறுவனம் தயாரித்து, விலை கூடிய பெயரிலும் குறைந்த பெயரிலும் விற்ற டின்களைச் சேர்த்தே திரும்பப் பெற்றார்கள். அதனால் மலிவாக வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. யாருக்கும் இல்லை. வருமானம் முன்னே பின்னே இருப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், அதைச் சொல்வதிலும் குறைச்சல் இல்லை. சித்தப்பா விஷயத்தில் எல்லாம் கைமீறிய பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அது போதும்.

நான் பூனையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

டின்னை ஒரே நாளில் மாற்றாதே. பழையதில் புதியதைக் கொஞ்சம் கலந்து, ஒரு வாரத்தில் முழுக்க மாற்று. முதலில் ஒன்றிரண்டு வாங்கிக் கொடுத்துப் பார், தள்ளுபடி என்று பெட்டியோடு எடுத்துவிடாதே. பசித்தால் தானாகத் தின்னும் என்று விட்டுப்பிடிக்கிற வேலை பூனையிடம் வேண்டாம். சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே, அதுவும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் கேள். உன்னுடையது ஆண் பூனை வேறு. மண் போட்ட கழிப்புத் தட்டில் போய் முக்கிக்கொண்டு நிற்கிறது, சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே கொண்டுபோ. பூனைக்குத் தாகம் குறைவு, டின் சாப்பாட்டில் தண்ணீரும் சேர்ந்து போகும் என்பதற்காகத்தான் டின்னை நான் ஆதரிப்பதே. முழுக்க டின் கட்டுப்படியாகாவிட்டால் பாதிக் கலோரியை உலர் உணவாகப் போடு. அதுவும் 'கம்ப்ளீட்' என்று இருக்க வேண்டும். கலோரியைப் பார், டின் விலையைப் பார்க்காதே.

நல்ல காலத்தில் வாரம் தவறாமல் பூனை படம் அனுப்புவாய். இப்போது படமும் இல்லை, குரலும் இல்லை. அம்மா அலமாரியை அடுக்குகிற சாக்கில் உன் பழைய அறையில் போய் நிற்கிறாள். எனக்கு ஒன்றும் கவலை இல்லை. இரண்டு ஊரிலும் யார் துணையும் இல்லாமல் நின்று காட்டியவள் நீ. ஆனால் அப்படி நிற்பதை இன்னொரு தடவை நிரூபித்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை.

பூனைக்கென்று கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். பூனைக்கு ஆவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், கணக்குப் பிசகு என்று வைத்துக்கொள். போன தடவை மாதிரி திருப்பி அனுப்பாதே. வாங்கப்போகிற டின்னின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. ஈரம், புரதம், கலோரி மூன்றும் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன், அந்தப் படத்தை வைத்துப் பேசலாம், எடு.

அன்புடன்,
அப்பா