வீடு நம்முடையது, அடிமனை அடுத்தவருடையது

சாக்ரமெண்டோ, கலிபோர்னியா

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் தெருவில் அடிமனை வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்று நீ புலம்பியிருந்ததை இரண்டு முறை படித்தேன். தாத்தா கட்டிய வீடு, அப்பா எடுத்த மாடி, ஆனால் பட்டா மட்டும் சாமி பேரில். அதே கதையை இங்கே ஓர் ஆற்றங்கரை ஊரில் பார்த்துவிட்டு வந்தேன். (என் முழங்கால் பரவாயில்லை. பேரனுக்குத் தமிழ் புரிகிறது, வாயைத்தான் திறக்க மாட்டேன் என்கிறான். மற்றது நேரில்.)

போன ஞாயிறு மாப்பிள்ளை சாக்ரமெண்டோ ஆற்றோரமாகவே தெற்கே அழைத்துப் போனார். ஊரின் பெயர் லாக். ஒரு முக்கியத் தெரு, சாய்ந்து நிற்கும் மரக்கட்டடங்கள், நூறு பேர்கூட இல்லை. நகராட்சியும் கிடையாது, மேயரும் கிடையாது. எதற்கும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம்தான். ஆற்றுக்கரை அவ்வளவு உயரம் என்பதால், கரைமேல் போகும் சாலைக்கு மாடிதான் வாசல். கீழ்த்தளத்துக்குப் பின்னால் பள்ளத்திலுள்ள தெருவில் இன்னொரு வாசல்.

இந்தப் பக்கத்துக் கரைகளில் பெரும்பகுதியைப் போட்டவர்கள் சீனக் கூலிகள். 1860களிலும் 70களிலும் இடுப்பளவு சேற்றில் நின்று, சதுப்பு நிலத்தைத் தீவு தீவாக மீட்டிருக்கிறார்கள். கோரை மக்கிய மண், குதிரை கால் வைத்தால் புதையும். அதற்கென்றே அகலமான லாடம் செய்து மாட்டினார்களாம். அப்புறம் தாங்கள் மீட்ட அதே மண்ணில் பேரிக்காயும் அஸ்பாரகஸும் பறிக்கும் கூலிகளானார்கள்.

1915இல் பக்கத்து ஊரான வால்நட் குரோவின் சீனத்தெரு தீப்பிடித்து எரிந்தது. அங்கிருந்த, தென் சீனாவின் சோங்ஷான் பகுதிக்காரர்களுக்கும் மற்ற சீனர்களுக்கும் பேச்சே வேறு. இனி தனியாகப் போய்விடுவோம் என்று சோங்ஷான்காரர்கள் முடிவெடுத்தார்கள். லீ பிங் என்ற வியாபாரியும் இன்னும் சிலரும் ஜார்ஜ் லாக் என்ற தோட்ட முதலாளியிடம் போய் இடம் கேட்டார்கள். விலைக்குக் கேட்க வழியில்லை. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் நிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் கலிபோர்னியா சட்டம் போட்டிருந்தது. சீனர்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. (நம்மவர்களும் தப்பவில்லை. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியருக்கும் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், இங்கே விவசாயம் செய்த பஞ்சாபிகள் இதே சட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள்.)

ஆகவே வாய்ப்பேச்சுதான், பத்திரம் கிடையாது. மனை லாக்குடையது, அதற்கு மாத வாடகை. மேலே எழுப்பும் கட்டடம் சீனர்களுடையது. நீயும் நானும் காலம்பூராவும் பத்திர எழுத்தரைப் பார்த்தே பழகியவர்கள், நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்தப் பேச்சின் மேல்தான் முழு ஊரும் எழுந்தது. நல்ல காலத்தில் சுமார் 600 பேர் குடியிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் கூலியாட்கள் வந்து இன்னும் நிறையும். மளிகைக்கடை, தங்கும் விடுதி, சீனப் பள்ளிக்கூடம், சூதாட்ட விடுதிகள். ஊருக்கென்று போலீஸ் இல்லாததும் இதற்கு வசதி என்று நினைக்கிறேன்.

டாய் லாய் என்ற சூதாட்ட விடுதி இப்போது அருங்காட்சியகம். அங்கே ஆடிய ஃபேன்-டான் ஆட்டத்தை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு குவியல் பொத்தானைக் கிண்ணத்தால் மூடுவார்கள். பிறகு குச்சியால் நான்கு நான்காகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்பதற்குத்தான் பந்தயம். நாளெல்லாம் குனிந்து நின்று சம்பாதித்த கூலி ஒரு பொத்தானில் போய்விடும். அந்த மேஜை முன்னால் வெகுநேரம் நின்றேன். மாப்பிள்ளை இரண்டு தடவை கூப்பிட்டார்.

1952இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அந்த நிலச் சட்டத்தைச் செல்லாது என்றது. அதனால் லாக் ஊர்க்காரர்கள் கைக்கு மனை வந்துவிடவில்லை. அது லாக் குடும்பத்துக்குள்ளேயே இருந்து, 1977இல் ஹாங்காங் முதலீட்டாளர்களுக்கு விற்கப்பட்டது. வீட்டுக்காரர்கள் தங்கள் காலடி மண்ணை வாங்க முடிந்தது 2004இல்தான்! கணக்குப் பார், 89 வருஷம். அதற்குள் பிள்ளைகள் படித்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இன்று அங்கே குடியிருக்கும் சீனர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1990இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்ததால் கட்டடங்களாவது மிஞ்சியிருக்கின்றன.

உன் பையன் சென்னையில் ஃபிளாட் வாங்கிவிட்டான், இனி இந்த வீடு எதற்கு என்கிறான் என்று எழுதியிருந்தாய். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் ஒன்று. உங்கள் பரணில் தாத்தா காலத்து அடிமனை ரசீதுகள் ஒரு தகரப்பெட்டியில் இருந்தனவே, அவற்றை எடைக்குப் போட்டுவிடாதே. ஜனவரியில் வருகிறேன். உன் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்