மொந்தாயுவுக்குப் போய் வந்தேன்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்கிறாய் என்பது நல்ல சேதி. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

போன மாதம் பிரான்ஸில் துலூஸ் நகரிலிருந்து தெற்கே, பிரெனே மலையில் மொந்தாயு என்ற ஊருக்குப் போனேன். 1300 மீட்டர் உயரம். மேட்டில் இடிந்த கோட்டைச் சுவர், கீழே கொஞ்சம் வீடுகள். இப்போது முப்பது பேர்கூட இல்லை. 700 வருஷத்துக்கு முன்னால் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்களாம். கோதுமை, ஓட்ஸ், டர்னிப், அப்புறம் செம்மறியாடு.

அங்கே அப்போது காத்தர் என்றொரு கிறிஸ்தவப் பிரிவு பரவியிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையை ஏற்காதவர்கள். திருச்சபை விடுமா? 1308இல் ஊரை வளைத்துப் பெரியவர்கள் எல்லாரையும் பிடித்துப் போனார்கள். 1318 முதல் 1325 வரை பாமியே நகர ஆயர் (பிஷப்) ழாக் ஃபூர்னியே மறுபடி விசாரித்தார். பின்னால் பாப்பரசரே ஆனவர். ஆள் விடாக்கண்டன்! வாசலில் யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள், அப்போது என்ன பேசினார்கள் என்பதுவரை எழுதவைத்திருக்கிறார். அந்தப் பதிவேடு இன்றும் வத்திக்கானில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களின் பேச்சு நமக்குக் கிடைத்ததே அவர்களைச் சிறையில் போட்டவரால்தான்.

காத்தர்களுக்கு மறுபிறவியில் நம்பிக்கை உண்டு. அவர்கள் சொன்ன கதை ஒன்று: ஒரு துறவி போன பிறவியில் குதிரையாம். இரண்டு கல்லுக்கு நடுவே லாடம் கழன்றது நினைவுக்கு வர, அதே இடத்துக்குப் போய்த் தேடி எடுத்தாராம். நம் கிழவிகள் யாராவது சொன்னதுபோல இல்லை?

ஆனால் ஊரார் திருச்சபையை வெறுத்ததற்கு மதம் மட்டும் காரணம் இல்லை. ஆட்டுக்குட்டியிலும் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டார் ஆயர். என்னைக் கேட்டால், ஊராருக்குப் பாதி ஆத்திரம் அதில்தான். ஊர்ப் பாதிரியார் பியேர் கிளெர்க் இன்னும் மோசம். ரகசியமாகக் காத்தர், விசாரணைக்காரர்களுக்கோ ஆள்காட்டி. கடைசியில் அவரும் சிறையில்தான் செத்தார்.

எனக்குப் பிடித்தவன் பியேர் மோரி என்ற மேய்ப்பன். கோடையில் மலை, குளிரில் ஸ்பெயின் பக்கம் கத்தலோனியா. வீடு வாசல் கிடையாது, நண்பர்களுக்குக் குறைவில்லை. தலைமறைவாக இருந்த காத்தர்களுக்குச் சோறும் காசும் கொடுத்தான். 1324இல் அவனுக்கும் சிறைத்தண்டனை விழுந்தது.

ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். பாதிரியாரின் காதல் கதைகளைக் கடிதத்தில் எழுத முடியாது, நேரில் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்