செடிப் பேரையாவது எழுதி வைக்கணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

இப்ப ருமேனியான்னு சொல்ற நாட்டுல 2000 வருஷத்துக்கு முன்னாடி டேசியர்னு ஒரு ஜனம் இருந்துச்சு. ரோம் ராஜா டிராஜன் 101லயும் 105லயும் படையெடுத்தாரு, 106ல அவங்க ராஜா டெசிபாலஸ் பிடிபடக்கூடாதுன்னு தன் உயிரைத் தானே மாய்ச்சிக்கினாரு. அந்தப் போரை ரோம்ல ஒரு தூண் முழுக்க சிற்பமா செதுக்கி வச்சிருக்காங்க, இன்னிக்கும் நிக்குது, ஆனா டேசியர் பேசின ஒரு பேச்சு அதுல இல்ல.

அவங்க பாஷை செத்துப்போச்சு. ஒரு கதை, பாட்டு எதுவும் மிஞ்சல. ஊர் பேரு, ஆளு பேருன்னு கொஞ்சம் இருக்கு, நம்ம காட்பாடி, வாணியம்பாடில வர்ற பாடி மாதிரி அவங்க ஊர் பேருல தாவான்னு முடியும், புரிதாவா, சுசிதாவான்னு. அது இல்லாம மிஞ்சினது செடிப் பேருதான் அய்யா! டயாஸ்கோரிடீஸ்னு ஒரு கிரேக்க வைத்தியர் எழுதின மூலிகை புஸ்தகத்தைக் காப்பி பண்ணவங்க யாரோ, இந்தச் செடியை டேசியர் இப்படிக் கூப்பிடுவாங்கன்னு பக்கத்துலயே சேர்த்து எழுதியிருக்காங்க. தொட்டா அரிக்கிற நம்ம செந்தட்டி மாதிரி ஒரு செடி, அதுக்கு டூன். முள்ளுப்புதர்ல காய்க்கிற கருப்புப் பழத்துக்கு மந்தியா. அந்த மாதிரி ஒரு சில டஜன் செடிப் பேரையும், அந்த ஊர், ஆளு பேரையும் வச்சினுதான் இன்னிக்கும் அந்தப் பாஷை எந்தப் பாஷைக்கு சொந்தம்னு பண்டிதருங்க தேடினு இருக்காங்க.

இதப் படிச்சதுல இருந்து எனக்கு எங்க ஆயா நெனப்புதான். மாட்டுக்கு வயிறு உப்பினா ஏரிக்கரைக்குப் போயி ஒரு கொடிய அறுத்துனு வரும், இடிச்சி உப்பு போட்டு ஊத்தும், சாயங்காலத்துக்குள்ள மாடு அசை போட ஆரம்பிச்சிடும். அந்தக் கொடிக்கு ஆயா சொன்ன பேரு எனக்கு மறந்துபோச்சு, அம்மாவக் கேட்டா அதுக்கும் தெரியல, ஆயா போயி 19 வருஷம் ஆச்சு, இனிமே யாரப் போயி கேக்கறது? கொடி மட்டும் இன்னும் அங்கயே படர்ந்துனு இருக்கு. தமிழு சாகப்போறதில்ல, எனக்குத் தெரியும், ஆனா தமிழுக்குள்ளயே இப்படி ஒவ்வொரு வீட்லயும் ஒண்ணொண்ணா போயினு இருக்குதே.

ஜவ்வாது மலையில, அமிர்தி பக்கம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் கிராமங்கள்ல இந்தப் பேருங்க தெரிஞ்ச வயசானவங்க இன்னும் இருக்காங்க. வாரத்துக்கு ஒரு நாள் உங்க வேலூர் பதிப்புல கால் பக்கம் ஒதுக்குங்க, ஒரு செடி போட்டோ போடுங்க, எந்த ஊர்ல என்ன பேருன்னு வாசகருங்க எழுதி அனுப்பட்டும். மொத போட்டோவா எங்க ஏரிக்கரை கொடிய நானே எடுத்து அனுப்பறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்